சேந்தமங்கலம் சாலையில் சில தேதிகள்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்குச் சேந்தமங்கலம் என்பது வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான். பஸ் நிற்கும். நாலு பேர் இறங்குவார்கள், பத்துப் பேர் ஏறுவார்கள். உள்ளே இருப்பவர்கள் ஜன்னல் வழியாக ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, காரவள்ளிக்கு அப்பால் காத்திருக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து இப்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஊரைப் பார்த்தவர் யார்?

வாசகர்களே, அடுத்த தடவை அப்படிச் செய்யாதீர்கள். சேந்தமங்கலத்தில் இறங்குங்கள். இறங்கி நின்று கிழக்கே பாருங்கள். வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கொல்லிமலை நிற்கும். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூற்றுப் புலவர் வியந்த அதே ஓரிதான். மலையின் நிழலில் வளர்ந்த ஊருக்கு அவன் கதை பாட்டி சொன்ன கதை மாதிரி. இந்த ஓரியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் இடத்தில் வேண்டியிருக்கிறது.

ஊருக்கும் தனியாகப் பெருமை உண்டு. ஒரு காலத்தில் இது பாளையக்காரர் ஊர். நாமக்கல்லில் ஒற்றைக் கல்லின் உச்சியில் கிரீடம் வைத்தது போல் நிற்கிறதே ஒரு கோட்டை, அதைக் கட்டியவர் சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்று சொல்வார்கள். ஊரை ஒட்டிய குன்றின் மேல் தத்தாத்ரேயர் கோயில் இருக்கிறது. அங்கே ஸ்வயம்பிரகாச அவதூத சுவாமிகளின் சமாதியைத் தரிசிக்க எங்கிருந்தெல்லாமோ அன்பர்கள் வருகிறார்கள்.

சுற்றிலும் மரவள்ளிக் காடு. இந்தப் பக்கத்தில் மரவள்ளி என்று சொன்னால், வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்வார்கள். இங்கே அதற்குக் 'குச்சிக் கிழங்கு' என்று பெயர். கிழங்கு லாரி ஏறிச் சேகோ ஆலைக்குப் போகிறது. ஆலையில் ஜவ்வரிசியாகி, உங்கள் வீட்டுப் பாயசத்துக்கு வருகிறது. கிழங்கு பிடுங்கிய நிலம் சில நாள் சும்மா கிடக்கும் அல்லவா? அதுவும் சும்மா கிடப்பதில்லை. நாலரை மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்ததும் அங்கே மூன்று குச்சிகள் நட்டாகிவிடும். ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து, எது கிடைக்கிறதோ அது. இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரையில் கிரிக்கெட்தான்!

அந்தக் கிரிக்கெட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், சம்பளத்துக்கு ஆடும் ஓர் அணியைப் பற்றியும், அந்த அணி இந்தச் சேந்தமங்கலத்துக்குச் சொந்தமா, இல்லையா என்பதைப் பற்றியும்.

தேதி எழுதி வைக்கும் வழக்கம்

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தின் ரசிகர்களுக்குத் தேதிப் பைத்தியம் அதிகம். தங்கள் அணி எந்த நாளில் பிறந்தது, எந்த நாளில் ஜெயித்தது, எந்த நாளில் மானம் போயிற்று என்றெல்லாம் பஞ்சாங்கம் போல் எழுதி வைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பஞ்சாங்கத்தின் முதல் பக்கம் 1869-ஆம் ஆண்டு. 'எங்கள் ஆட்டக்காரர்கள் அனைவரும் சம்பளம் வாங்கித்தான் ஆடுகிறார்கள்' என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு சின்சினாட்டி நகரில் ஓர் அணி கிளம்பிற்று. ரெட் ஸ்டாக்கிங்ஸ், அதாவது சிவப்புக் காலுறைக்காரர்கள் என்று அதற்குப் பெயர். அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 1870-இல் புரூக்ளினில் முதல் தோல்வி வந்தது. பிறகு கூட்டம் குறைந்தது, பணமும் குறைந்தது. அந்த ஆண்டு முடிவில் அணியே கலைந்துவிட்டது. ஜெயிக்கும்போது மட்டும் வருகிற கூட்டத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு முதல் பாடம் அது.

அதே புரூக்ளினில் பிற்பாடு டாட்ஜர்ஸ் என்ற அணி ஆடிற்று. உலகக் கோப்பை போல் அவர்கள் கொண்டாடும் பட்டத்துக்காக அந்த ஊர் ஜனங்கள் எத்தனையோ வருஷம் ஏங்கினார்கள். 1955-இல் அது கிடைத்தது. ஆனந்தக் கண்ணீர் காய்வதற்குள், 1957-ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும், அணியின் உடைமையாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கண்டத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார்கள். 1958 முதல் அது லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ். புரூக்ளினில் அவர்கள் ஆடிய மைதானத்தை 1960-இல் இடித்துக் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். ஆனால், இன்றைக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் அணி தன் வெற்றிகளை எண்ணும்போது 1955-ஐயும் சேர்த்துத்தான் எண்ணுகிறது.

ஓர் ஊர் ஜெயித்ததை இன்னோர் ஊர் எண்ணலாமா? கேள்வி எங்கோ அமெரிக்காவில் எழுந்தது என்று நினைக்காதீர்கள். சேந்தமங்கலத்திலும் எழுந்திருக்கிறது.

பெயர் ஓர் ஊர், ஆட்டம் வேறோர் ஊர்

தமிழ்நாட்டுக்கென்று ஒரு கிரிக்கெட் லீக் 2016-இல் தொடங்கிற்று. டி.என்.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரின் பெயர். அவற்றில் ஒன்றுக்குத் தூத்துக்குடியின் பெயர் கிடைத்தது. தூட்டி பேட்ரியட்ஸ் என்பது அதன் பெயர்.

நம் பஞ்சாங்கத்தின் முதல் தேதி 2016 செப்டம்பர் 18. அன்று சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம். தூத்துக்குடி அணி 20 ஓவரில் 215 ரன் குவித்தது. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணி 93 ரன்னில் சுருண்டது. 122 ரன் வித்தியாசத்தில் முதல் கோப்பை தூத்துக்குடிக்கு!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அணி தூத்துக்குடியில் ஆடவே இல்லை. அந்த நாளில் லீக் ஆட்டங்கள் சென்னைச் சேப்பாக்கத்திலும், திண்டுக்கல்லுக்கு அருகே நத்தத்திலும், திருநெல்வேலிச் சங்கர் நகரிலும்தான் நடந்தன. தூத்துக்குடிக்காரர் தம் அணியைப் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் ஓர் ஊர், முகூர்த்தம் வேறோர் ஊர் என்பது போல!

இரண்டாவது தேதி 2017 ஆகஸ்ட் 20. மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் அதே சேப்பாக் அணி. இந்தத் தடவை தூத்துக்குடி தோற்றது. ஆனால், அந்த ஆண்டு முழுவதும் அந்த அணிக்காக ஓர் இளைஞர் ஆடிய ஆட்டத்தை யாரும் மறக்கவில்லை. பதினேழு வயது வாஷிங்டன் சுந்தர் 459 ரன் எடுத்தார். பந்து வீசி 15 விக்கெட்டும் எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே இந்திய அணியில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது.

பிறகு 2020 வந்தது. பெருந்தொற்று எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தது, லீக் நடக்கவில்லை. 2021-இல் மீண்டும் தொடங்கியபோது பட்டியலில் தூத்துக்குடியைக் காணோம். அந்த அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்று பெயர் மாறியிருந்தது. முத்துக் குளிக்கும் கடலோரத்திலிருந்து மாம்பழச் சீமைக்கு ஒரே பேனாக் கோட்டில் வந்து சேர்ந்துவிட்டது.

வந்தது என்று சொன்னேனே, அதுவும் பெயரளவில்தான். 2021 ஜூலை 19 முதல் ஆகஸ்ட் 15 வரை எல்லா ஆட்டங்களும் சேப்பாக்கத்திலேயே நடந்தன. தூத்துக்குடியின் பேரில் ஆடியபோது தூத்துக்குடியைப் பார்க்காத அணி, சேலத்தின் பேரில் ஆடிய முதல் ஆண்டில் சேலத்தையும் பார்க்கவில்லை!

டீக்கடையில் ஒரு வழக்கு

சேந்தமங்கலத்தில் ஒரு டீக்கடை. மாலை நேரம். பெஞ்சியில் மூன்று பேர். ஒருவர் வெகு காலம் லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர், இன்னொருவர் தமிழாசிரியர், மூன்றாவது, கல்லூரியில் படிக்கும் பையன். பையன் செல்போனில் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டே, "நம்ம டீம் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான். பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"ஏன் கண்ணு, நாம நாமக்கல் மாவட்டம். அது சேலத்து டீமு. அது எப்புடி நம்ம டீம் ஆவும்?"

பையன் விழித்தான். தமிழாசிரியர் டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"பெரியவரே, நாமக்கல் தனி மாவட்டம் ஆனது எப்பங்க?"

"1997, ஜனவரி ஒண்ணாந்தேதி. ஊரே பட்டாசு வெடிச்சமே!"

"நீங்க பொறந்தப்ப இது எந்த ஜில்லாவுங்க?"

"சேலம் ஜில்லாதான். லைசென்ஸுகூடச் சேலத்துலதான் எடுத்தேன்."

"அப்படின்னா சேலத்து டீமுல மொதல் பாத்தியதை உங்களுக்குத்தான். 1997-க்குப் பொறவு பொறந்த இந்தத் தம்பிக்குத்தான் பாத்தியதை இல்லை!"

கடையே சிரித்தது. பையனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் கட்சி வேறு.

"ஐயா, நீங்க மாவட்டத்தைப் பாக்கறீங்க. நான் தூரத்தைப் பாக்கறேன். எங்க அண்ணன் காலத்துல பெரிய மேட்ச் பாக்கோணும்னா மெட்ராசுக்கு ராத்திரி பஸ் ஏறோணும். இப்ப வாழப்பாடிக்குப் போனாப் போதும். காலையில போயிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துரலாம். பக்கத்துல வந்து ஆடறவன் நம்ம ஆளுதானுங்களே?"

"பக்கத்துல ஆடுனா நம்ம ஆளா? புதன்சந்தைக்கு வர்ற மாடெல்லாம் நம்ம மாடா?" என்றார் பெரியவர்.

வழக்கு இப்படிப் போய்க்கொண்டிருந்தது. பையனைப் பார்த்து, "உன் அணியின் சரித்திரத்தில் உனக்கு மறக்க முடியாத தேதி எது, தம்பி?" என்று கேட்டேன். கோப்பை ஜெயித்த 2016 செப்டம்பர் 18-ஐச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சற்றும் யோசிக்காமல் சொன்னான்:

"2023 ஜூன் 13-ங்க."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது!

ஒரே பந்து, 18 ரன்

அன்று என்ன நடந்தது? கோவையில் ஆட்டம். எதிரே சேப்பாக் சூப்பர் கில்லீஸ். சேலத்துக்காகக் கடைசி ஓவரை வீசியவர் அபிஷேக் தன்வர். ஐந்து பந்து முடிந்தது. மிச்சம் ஒரே ஒரு பந்து. வீசினார். ஸ்டம்பு பறந்தது. சேலம் ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். அதற்குள் நடுவர் கையை நீட்டினார்: நோ-பால்!

எல்லைக் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தால் அந்தப் பந்து கணக்கில் சேராது. எதிராளிக்கு ஒரு ரன் தானமாகப் போகும். பந்தைத் திரும்ப வீச வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரும்ப வீசினார். மறுபடி நோ-பால்; அது சிக்ஸருக்கும் போயிற்று. மூன்றாம் முறை வீசினார். அதுவும் நோ-பால், ஓடி எடுத்தது இரண்டு ரன். நான்காம் முறை வீசியது அகலப் பந்து. ஐந்தாம் முறைதான் ஒழுங்கான பந்தாக விழுந்தது. அதையும் சஞ்சய் யாதவ் தூக்கி அடித்துவிட்டார், சிக்ஸர்!

கூட்டிப் பாருங்கள்: 1, 7, 3, 1, 6. ஆக 18 ரன். ஒரே ஒரு பந்துக்கு! சேப்பாக் அணி 217 ரன்னில் போய் நின்றது. சேலம் 52 ரன்னில் தோற்றது. உலகமெங்கும் செய்தித்தாள்களில் சேலம் அணியின் பெயர் வந்தது. இப்படியா வர வேண்டும்?

"ஓரியோட ஒரு அம்பு அஞ்சு உசிரை வாங்குச்சு. நம்மாளோட ஒரு பந்து அஞ்சு தடவை வீசி நம்ம உசிரையே வாங்கிருச்சு!" என்றார் தமிழாசிரியர். ஓரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

"அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறே எறங்கலீங்க" என்றான் பையன்.

"எனக்கு மட்டும் எறங்குச்சாக்கும்?" என்றார் பெரியவர், சேலத்து அணிக்கும் தமக்கும் சம்பந்தம் இல்லை என்று அரை மணி நேரமாக வாதாடியவர்.

வழக்கு அத்துடன் தீர்ந்தது என்றே நினைக்கிறேன். ஜெயித்த அணியின் ரசிகன் என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் செலவில்லை. சின்சினாட்டியில் வந்து கலைந்ததே, அது அந்த மாதிரிக் கூட்டம். தோற்ற அணிக்காக ஒருவன் பட்டினி படுக்கிறான் என்றால் அவன் சொந்தக்காரன். கோப்பையை வாங்கிய அணியைத் தூத்துக்குடியிடமிருந்து பெயர் மாற்றிக் கொண்டுவரலாம். அந்த 18 ரன்னை யாரிடமிருந்தும் கொண்டுவர முடியாது. அது சேலத்துச் சீமைக்கே சொந்தமான தேதி.

வாழப்பாடி வழி

சரி, அந்த மைதானத்துக்குத்தான் போய்வருவோமே. சேந்தமங்கலத்திலிருந்து ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். மோட்டார் வைத்திருப்பவர்கள் மேற்கே புதன்சந்தைக்குப் போய்ப் பெரிய சாலையைப் பிடித்துவிடலாம். சந்தை நாளாக இருந்தால் சற்று முன்னதாகக் கிளம்புங்கள்; மாடுகளுக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும்! அங்கிருந்து வடக்கே புதுச்சத்திரம், ஆண்டகளூர் கேட், மல்லூர், சீலநாயக்கன்பட்டி. பஸ்ஸில் போகிறவர்கள் இராசிபுரம் வழியாகவோ நாமக்கல் வழியாகவோ சேலம் போய், ஆத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.

சேலத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் காட்சி மாறும். அயோத்தியாப்பட்டணத்தில் இராமர் கோயில் இருக்கிறது. நேரம் இருந்தால் இறங்கிப் பாருங்கள், சிற்பங்கள் நன்றாயிருக்கும். அப்புறம் மின்னாம்பள்ளி. அதற்கப்பால் பாக்குத் தோப்புகள். இரு பக்கமும் மலை தூரத்தில் கூடவே வரும். வாழப்பாடி வந்துவிட்டால், காட்டுவேப்பிலைப்பட்டி எங்கே என்று கேளுங்கள். "மைதானத்துக்குங்களா?" என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள்.

இந்த மைதானம் திறந்த நாள் 2020 பிப்ரவரி 9. அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். இந்திய அணியின் முன்னாள் தலைவர் ராகுல் திராவிட் விழாவுக்கு வந்திருந்தார். குச்சிக் கிழங்கும் பாக்கும் விளையும் பூமியில் சர்வதேச ஆட்டக்காரர் ஒருவர் வந்து நிற்கிறார் என்றால் ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால், அடுத்த மாதமே தேசம் முழுவதும் கதவடைப்பு. புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய கையோடு பூட்டிக்கொண்டு போன கதை ஆயிற்று.

ஆகவே, மைதானம் ஒரு பக்கம் ஆட்டத்துக்காகக் காத்திருந்தது. சேலம் பெயர் தாங்கிய அணி இன்னொரு பக்கம் சென்னையில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தது 2022-இல்தான். அந்த ஆண்டு லீக் முதல் தடவையாகச் சேலத்துக்கும் வந்தது. அணி பிறந்து ஆறு வருஷத்துக்குப் பிறகு, பெயரில் உள்ள ஊரும் காலடியில் உள்ள மண்ணும் ஒன்றாயின. கோப்பை எதுவும் கிடைக்காவிட்டாலும், என் பஞ்சாங்கத்தில் இந்த வருஷத்தைச் சிவப்பு மையால் எழுதுவேன்.

பிரிஸ்பேனில் கூடிய இருவர்

இடையில் ஒரு தேதியைத் தாண்டி வந்துவிட்டோம். அது 2021 ஜனவரி 15. அதற்காக மைதானத்திலிருந்து திரும்பிச் சேலத்துக்கு மேற்கே போக வேண்டும். பிரம்மாண்டமான கைலாசநாதர் கோயில் இருக்கிறதே தாரமங்கலம், அந்த வட்டாரத்தில் சின்னப்பம்பட்டி என்று ஒரு கிராமம். தங்கராசு நடராஜன் பிறந்த ஊர்.

அவருடைய தகப்பனார் தறி வேலைக் கூலித் தொழிலாளி. தாயார் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டிருந்தார். சேந்தமங்கலத்துப் பையன்கள் ஆடுகிறார்களே, அதே டென்னிஸ் பந்துதான் நடராஜனுக்கும். தோல் பந்தை ஒழுங்காகக் கையில் எடுத்து வீசும்போது வயது இருபது ஆகிவிட்டது. ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் என்பவர் கைகொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்கு ஆடினார். ஆடியதும், கையை வீசும் முறை சரியில்லை என்று புகார் வந்தது. இன்னொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். நடராஜன் உட்கார்ந்து கையைத் திருத்திக்கொண்டார்.

2016-இல் இந்த லீக் தொடங்கியதும் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். மட்டையின் அடியில், கால் விரலைத் தேடி விழும் யார்க்கர் பந்தை நினைத்தபோதெல்லாம் போட்டார். 2017 பிப்ரவரியில் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக ஆடினார். வலைப் பயிற்சியில் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர் அவர்! ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள் காயம்பட, ஜனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்துக்கும் அழைப்பு வந்தது. ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் முதன்முதலாகக் களமிறங்கிய இந்தியர் அவர்தான்.

அதே நாளில், அதே மைதானத்தில், முதல் டெஸ்ட் ஆடிய இன்னொருவர் யார் தெரியுமா? நம் பழைய தூத்துக்குடி அணியின் வாஷிங்டன் சுந்தர்! முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். பிறகு வாஷிங்டன் 62 ரன் அடித்து இந்தியாவைக் கரையேற்ற உதவினார். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் டெஸ்ட் எதிலும் தோற்காதிருந்த ஆஸ்திரேலியா ஜனவரி 19-இல் தோற்றது.

ஜனவரி 21-இல் நடராஜன் ஊர் திரும்பினார். சின்னப்பம்பட்டி அவரைக் குதிரை பூட்டிய ரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டது. சேலம் பெயருள்ள அணிக்கு ஆடி அவர் பெயர் வாங்கவில்லை. முதலில் திண்டுக்கல், அண்மையில் திருப்பூர் என்று ஊர் ஊராக ஆடுகிறவர். சம்பளத்துக்கு ஆடும் ஆட்டத்தில் அது சகஜம். ஆனால், திரும்பி வந்தது எங்கே? சின்னப்பம்பட்டிக்கு. சம்பாதித்ததைப் போட்டு அங்கே ஒரு கிரிக்கெட் மைதானமும் அமைத்தார். 2023 ஜூன் 23-இல் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார்.

தேதியைக் கவனித்தீர்களா? கோவையில் அந்த 18 ரன் போனது ஜூன் 13. பத்தே நாள் கழித்து, அதே சேலத்துச் சீமையில், தோல் பந்தையே பார்க்காத பையன்களுக்காக ஒரு மைதானம் திறந்திருக்கிறது.

காலியாக உள்ள வரி

பயணம் போக நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில் நடக்கும். எந்த ஆண்டு எந்த ஊரில் எத்தனை ஆட்டம் என்பதை அறிவிப்பு வந்ததும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஆட்டத்துக்கு முதல் நாள் சேந்தமங்கலத்தில் இறங்கி, குன்றின் மேல் தத்தாத்ரேயரைத் தரிசித்துவிட்டு, மாலையில் கிழங்குக் காட்டுப் பக்கம் நடந்து போய்ப் பையன்களின் ஆட்டத்தைப் பாருங்கள். மறுநாள் வாழப்பாடியில் பெரியவர்களின் ஆட்டத்தைப் பாருங்கள். முதல் ஆட்டம் இலவசம். அது குறைந்த ஆட்டம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

சேலம் என்ற பெயரில் ஆடத் தொடங்கியபின், 2025-ஆம் ஆண்டு லீக் முடியும் வரையில் அந்த அணி கோப்பையைத் தொடவில்லை. 2016-ஐ எண்ணிக்கொள்ளலாமா என்று டீக்கடையில் கேட்டதற்குப் பெரியவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்:

"அது தூத்துக்குடி சனங்க சம்பாதிச்சதுங்க. அவங்ககிட்டயே இருக்கட்டும். நாம நம்மளுத சம்பாதிச்சுக்கலாம்."

'நாம' என்று சொன்னதைப் பையன் கவனித்துவிட்டான். தமிழாசிரியரைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சிமிட்டினான்.